இருநூற்றைம்பது வார்த்தைகளுக்குள்

ரூஸே
ஜூன் 8

ரலிட்சா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். விசாரிக்கத் தொடங்கினால் விஷயத்துக்கு வரமாட்டேன் என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அக்டோபரில் டர்னோவோவில் நடக்கும் மாநாட்டுக்கு வந்திருக்கிற முன்மொழிவுகளில் ஐந்தை மதிப்பிடச் சொல்லி உளவியலாளர் சங்கத்திலிருந்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். பிரசவ விடுப்பில் வீட்டில்தானே இருக்கிறாள், படிக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள். நானும் சரி என்றேன். பதினைந்து மாதமாகப் பால்பவுடர் டப்பாவின் பின்பக்கத்தைத் தவிர வேறெதையும் முழுதாகப் படித்ததில்லை. நான் உளவியல் படித்தவள்தான் என்று எனக்கே காட்டிக்கொள்ள ஐந்து தாள் போதும் என்று பட்டது.

முதல் மூன்றும் பாதகமில்லை. பரீட்சை பயம், போலீஸ்காரர்களின் தூக்கமின்மை, முதியோர் இல்லத்தில் சேர்ந்து பாடுவது. நான்காவது, எண் 47. வழக்கம்போல பெயர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள். "குறைமாதக் குழந்தைகளின் தாய்மாருக்கான குழு: ஒரு புதிய அணுகுமுறை." அச்சடித்த எழுத்துதான். ஆனாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரிந்தது.

அங்கேயே மூடி வைத்திருக்க வேண்டும். எழுதியவர் யாரென்று தெரிந்தால் படிக்காமல் திருப்பி அனுப்பு என்பதுதான் விதி. படித்தேன். ஏழாவது வரியில் இது இருந்தது:

"'இன்னைக்கே முடிஞ்சிட்டா தேவலை. நான் தூங்கணும்…' (தாய் 6)"

தாய் 6 நான்தானே, ரலிட்சா.

அந்தக் குழுவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கினோம். இரண்டு வருஷம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இன்குபேட்டரில் பிள்ளையை வைத்துவிட்டு வருகிற பெண்கள் பேசுவதைக் கேட்டேன். அப்புறம் என் போயான் இருபத்தொன்பதாம் வாரத்திலேயே வந்துவிட்டான். அதே அறையில் எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தேன். நீ மட்டும் இடம் மாறவில்லை. அதே நாற்காலி, மடியில் அதே நோட்டு.

அந்த வாக்கியத்தை நான் வேறு எங்கும் சொன்னதில்லை. கட்டிய புருஷன் கலோயனிடம்கூட. பெற்ற பிள்ளை சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று ஒரு தாய் சொன்னாள் என்பதுதானே அதற்கு அர்த்தம். பெயர் போடவில்லை என்று சொல்லாதே. அந்த அரங்கில் அறுபது பேர் இருந்தால், போன மார்ச்சில் வார்னாவில் ஏழாம் மாதத்தில் பெற்ற உளவியலாளர் யார் என்று இருபது பேருக்காவது தெரியும். அந்த இருபதில் ஒருத்தி கலோயனின் தங்கை ஸ்னெழானா. இப்போது பள்ளிக்கூடத்தில் ஆலோசகர். ஒரு மாநாடு விடமாட்டாள்.

அந்த வரியை எடுத்துவிடு. அது போதும்.

போனில் பேசலாம்தான். போனில் கத்திவிடுவேன், பிள்ளை எழுந்துவிடுவான். மின்னஞ்சலில் எழுதினால் மதிப்பீட்டாளர் எழுதியவரோடு பேசியதற்குச் சாட்சியாகிவிடும். அதனால் தாள்.

நெவேனா


வார்னா
ஜூன் 12

நெவேனா,

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். 47-ஐ யார் மதிப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. உன் கடிதத்தைப் பிரித்த நிமிஷத்திலிருந்து தெரிகிறது. இப்போது நீ அதற்கு நல்ல மதிப்பெண் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு. திருப்பி அனுப்பிவிடு.

அடுத்தது ஒப்புதல் படிவம். நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய். மார்ச் 7, இன்குபேட்டர் அறை வாசலில், என் பேனாவில். "படிச்சுட்டுப் போடு" என்றேன். "நான் எழுதின படிவத்தை நானே படிக்கணுமா டி?" என்று கேட்டாய். அது உண்மை, அதை எழுதியது நீதான். மனம் மாறினால் சொன்னதைத் திரும்பப் பெற ஒரு மாதம் என்று நான் வைத்திருந்தேன். அதை இரண்டு வாரமாகக் குறைத்ததும் நீ. "ஒரு மாசம் கழிச்சு எந்த அம்மா மனசு மாறப்போறாடி, அவளுக்குத் தூங்கவே நேரமிருக்காது" என்றாய். நான் சிரித்தேன். எல்லாம் நினைவிருக்கிறது.

குத்திக்காட்டவில்லை. படிவத்தின்படி அந்த வாக்கியம் குழுவுக்குச் சொந்தம் என்றுதான் சொல்கிறேன்.

ஏப்ரல் இருபதாம் தேதி போயானை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு நீ குழுவிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாய். மே மாதம் ரூஸேக்குக் குடிபோய்விட்டாய் என்பதையே ஒரு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாலு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அப்புறம் நானும் விட்டுவிட்டேன். பதினோரு பெண்களைத் தனியாக வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டினேன். இப்போது அந்த அறையையே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். துறைத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "மாநாட்டுல வரட்டும், பாப்போம். இல்லேன்னா அங்க பழைய கட்டில் போட்டுக்கறேன்."

முன்மொழிவுப் படிவம் இருநூற்றைம்பது வார்த்தைக்கு மேல் ஏற்காது. அதற்குள் எண்கள், முறை, மூன்று நோக்கங்கள், கூடவே ஒரு மனுஷியின் குரல். அந்தக் குரல் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு அட்டவணைதான். யோசித்துச் சொல்.

பிள்ளை எத்தனை கிலோ?

ரலிட்சா


ரூஸே
ஜூன் 16

ரலிட்சா,

ஒன்பது கிலோ நானூறு. இதை எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தேன். அதற்காகவே ஒரு தராசு வாங்கி வைத்திருக்கிறேன். கலோயன் அதைக் காய்கறிக் கடை என்கிறான்.

47-ஐத் திருப்பி அனுப்பிவிட்டேன். "எழுதியவரை அடையாளம் தெரிந்தது" என்று ஒரு வரி எழுதினேன். வேறொருவருக்குப் போகும்.

படிவத்தைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. இரண்டு வாரம் என்று எழுதியது என் கைதான். அப்போது நான் நாற்காலியின் அந்தப்பக்கம் இருந்தேன். தூக்கமில்லாதவளுக்கு இரண்டு வாரம் என்பது ஒரு நாள் போலப் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வருஷம் என்று போட்டிருப்பேன். சட்டப்படி உன் பக்கம் நியாயம். நான் சட்டம் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட வந்திருந்தார்கள். அத்தை சீஸ் வைத்த பனிட்சா சுட்டுக் கொண்டுவந்தார். போயான் தட்டில் இருந்ததை எல்லாம் தரையில் போட்டுக்கொண்டிருந்தான். ஸ்னெழானா அவனுக்கு ஊட்டியபடியே பேச்சை எடுத்தாள்.

"அண்ணி, இந்த வருஷம் உங்க பழைய வார்னாக் குழுவைப் பத்தி ஒரு பேச்சு வருதாமே?"

"யாரு சொன்னா?"

"சங்கத்துல பேசிக்கிட்டாங்க. நீங்க பேசப்போறீங்களா?"

"நான் எங்க பேச. இவனோட மல்லுக்கட்டுறதுல, படிச்சவங்கிறதே மறந்துபோகாம இருந்தாப் போதும்."

"சும்மா சொல்லாதீங்க. நான் முதல் வரிசையில உக்காந்து கை தட்டுவேன். என்ன அண்ணா, நீயும் வாயேன்."

கலோயன் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டே, "வந்தா எனக்கு என்ன புரியும், நீங்க பேசறதெல்லாம் வியாதிப் பேராவே இருக்கும்" என்றான். அத்தைக்கு வேறு கவலை. மார்ச் ஒன்றாம் தேதி பிள்ளையின் கையில் அவர் சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய நூலைக் கட்டினார். மூன்றாம் நாளே இவன் அதைக் கடித்துத் துப்பிவிட்டான். "நாரை கண்ணுல படற வரைக்கும் கையில இருக்கணும், அப்பத்தான் வருஷம் நல்லாப் போகும். பூக்கற மரத்துல கட்ட வேண்டியதைத் தின்னு வெச்சிருக்கான். என்ன ஆகுமோ" என்று ஜூன் மாதம் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த முதல் வரிசையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ திரையில் அந்த வரியைப் போடுவாய். ஸ்னெழானா படிப்பாள். அவளுக்கு நாள் கணக்குத் தெரியும், ஆஸ்பத்திரி தெரியும். வீட்டுக்கு வந்து அண்ணனின் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் பயம்.

பிள்ளை தூங்கும்போது அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறேன், மூச்சு வருகிறதா என்று. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்லமாட்டேன், நீ எழுதி வைத்துக்கொள்வாய். நான் சொன்ன வார்த்தைக்கு யாராவது பதில் கேட்டு வருவார்கள் என்றே இருக்கிறது. அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை. உன் மேல் கோபமில்லை. அந்த வார்த்தை உன் நோட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

உன் அறை போய்விடும் என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் எடுத்துவிடு.

நெவேனா


வார்னா
ஜூன் 27

நெவேனா,

எடுத்துவிட்டேன். புது மதிப்பீட்டாளருக்குப் போவதற்கு முன்பே பழைய தாளை மாற்றித் தரும்படி மாநாட்டுக் குழுவுக்கு எழுதினேன், மாற்றினார்கள். நேற்று கருத்து வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "எண்கள் தெளிவாக உள்ளன. தாய்மார்கள் எங்கே?" திருத்தி அனுப்ப ஜூலை 12 வரை நேரம் தந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. உன் மேல் பழியில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம், மேலே எழுதியதற்காக இல்லை.

வாக்கியத்தை எடுக்கும்போது அது சரியாக எந்த அமர்வு என்று பார்க்கப் பழைய நோட்டைத் திறந்தேன். மார்ச் 14. பக்கம் முழுக்க உன் பேச்சு. ஒரு வருஷமாக அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. முன்மொழிவு எழுதும்போதுகூட நான் தனியாக எடுத்து வைத்திருந்த குறிப்பிலிருந்துதான் எழுதினேன்.

நெவேனா, அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. நான்தான் முடித்தேன், மூன்று புள்ளி வைத்து. நீ அதற்கப்புறமும் பேசினாய். வார்த்தை அளவு தாண்டியது, வெட்டினேன் என்று சொல்லலாம். அது பாதி உண்மை. முதல் பாதியைக் கேட்டால் அரங்கம் நிமிர்ந்து உட்காரும். இரண்டாம் பாதி அதை மெதுவாக்கிவிடும் என்று பட்டது. உன் வாயிலிருந்து வந்ததை நிமிர்ந்து உட்காருகிற இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். குழு நடத்துகிற வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நாம் இருவரும் எப்படிப் பேசியிருப்போம் என்று நினைத்துப் பார்.

அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு ஒட்டிய உறையில் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை. அது இனி நோட்டில் இருக்காது. கிழித்துப் போட்டாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி. அதில் பின் அடித்திருப்பதை மட்டும் பார்த்துப் பிரி, விரலில் குத்தும்.

ரலிட்சா


ரூஸே
ஜூலை 1

ரலிட்சா,

பக்கம் வந்தது. உறையைத் திறக்கவில்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கலோயன் அந்தப் பக்கம் போகமாட்டான்.

அங்கே முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதல் பாதியே அப்படி என்றால் அதற்கப்புறம் என்னதான் சொல்லித் தொலைத்தேன்? எனக்கு ஒன்றும் நினைவில்லை. "தூங்கணும்" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. ஓரத்தில் ஒருத்தி, சிவப்பு ஸ்வெட்டர் போட்டவள், என்னைப் பார்த்ததும் நினைவிருக்கிறது.

பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் வருகிறது. வீட்டில் யாரும் தூங்கவில்லை.

நெ.


வார்னா
ஜூலை 4

அடி அசடே,

மோசமாக இருந்தால் அனுப்பியிருப்பேனா? திற.

திறக்க மனமில்லாவிட்டால் விடு. நான் எண்களோடேயே அனுப்பிவிடுகிறேன். சுவரில் ஒட்டுகிற தாளாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள், காப்பி இடைவேளையில் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். துறைத் தலைவர் கட்டில் போட்டுக்கொள்ளட்டும். வராந்தாவில் நாற்காலி போட்டு நடத்துவேன். அதற்காக நீ எதையும் செய்ய வேண்டாம். 12-ம் தேதி என்பதை நினைவுபடுத்த மட்டும் எழுதினேன்.

சிவப்பு ஸ்வெட்டர் போட்டவள் யானிட்சா. அவள் உன்னை ஏன் பார்த்தாள் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

ர.


ரூஸே
ஜூலை 7, விரைவுத் தபால்

ரலிட்சா,

வெள்ளிக்கிழமை காலை அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார். வீட்டில் யாருமில்லை. உறையைப் பிரித்தேன். பின் துருப்பிடித்திருந்தது, விரலில் குத்தத்தான் குத்தியது.

பின்னோடு சேர்ந்து அந்த நூல் இருந்தது. சிவப்பு வெள்ளை, இரண்டு அங்குலம். இன்குபேட்டர் கைப்பிடியில் நான் அதைக் கட்டியதையும், தலைமை நர்ஸ் கத்தியதையும் மறந்தே போயிருந்தேன். "இது என்ன ஆஸ்பத்திரியா, கோயில் மரமா? நாளைக்கு ஆளாளுக்குக் கட்டுவீங்க." அவர் அவிழ்த்துக் குப்பையில் போட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன். நீ எடுத்து வைத்திருக்கிறாய். அதைப் பற்றி ஒரு கடிதத்திலும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அது உன் வழக்கம்தான்.

பக்கத்தைப் படித்தேன். இரண்டு தடவை. உன் கையெழுத்தில் என் பேச்சு இப்படி இருந்தது:

"தாய் 6: இன்னைக்கே முடிஞ்சிட்டா தேவலை. நான் தூங்கணும். (நீண்ட மௌனம்.) ஆனா நூலை மட்டும் யாரும் அவுக்கக் கூடாது. அவன் இன்னும் ஒரு நாரையைக்கூடப் பாக்கல. (யானிட்சா, நிமிர்ந்து: என் பொண்ணும் பாக்கல.)"

பதினைந்து மாதமாக முதல் பாதியோடுதான் இருந்தேன். நீயாவது மூன்று புள்ளி வைத்தாய். நான் அங்கே முற்றுப்புள்ளியே வைத்திருந்தேன். அரங்கம் நிமிர வேண்டி நீ வெட்டினாய். நான் எதற்காக வெட்டினேன் என்று தெரியவில்லை. வேறு யாராவது இப்படி வந்து சொன்னால் அதற்கு ஒரு பெயர் வைத்திருப்பேன். எனக்கே வைத்துக்கொள்ள வரவில்லை.

யானிட்சாவின் பெண் நாரையைப் பார்க்கவில்லை என்பது நினைவிருக்கிறது. மார்ச் 19. அடக்கத்துக்கு நாம் இரண்டு பேரும் போயிருந்தோம்.

சனிக்கிழமை கலோயனிடம் பக்கத்தை நீட்டினேன். "இது என்ன?" என்றான். "நான் சொன்னது" என்றேன். முதல் வரியைப் படித்தான். அடுத்ததையும் படித்தான். மடித்துக் கொடுத்துவிட்டு, "நான் அப்போ கார்ல உக்காந்து நினைச்சதும் இதேதான்" என்றான். எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து அவனே கேட்டான். "அதுக்குத்தான் போன ஏப்ரல் வீட்டுக்கு வர்ற வழியில மூணு ஊர் சுத்தவெச்சியா, கம்பத்துக் கம்பம் நாரைக் கூடு இருக்கான்னு பாக்கச் சொல்லி? நான் உனக்கு மனசு சரியில்லேன்னு நினைச்சேன்." ரலிட்சா, நான் அப்படிச் செய்தது எனக்கே நினைவில் இல்லை. மூன்றாவது ஊரில் ஒன்று நின்றதாம். போயான் கூடையில் தூங்கிக்கொண்டிருந்தானாம். அவனை எழுப்பிக் காட்டச் சொன்னேனாம்.

இனி ஸ்னெழானா எந்த வரிசையில் வேண்டுமானாலும் உட்காரட்டும். அண்ணனுக்குத் தெரிந்ததைத் தங்கை தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது. எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இன்றைக்கும் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை குறைவாக.

இப்போது வேலைக்கு வருகிறேன், இது கைக்கு வரும்போது உன்னிடம் நாலு நாள்தான் இருக்கும்.

பழைய தாளையே எடுத்துக்கொள், வரி இருந்த தாளை. அது சரியாக இருநூற்றைம்பது, என்னிடம் தங்கிவிட்ட நகலில் எண்ணிவிட்டேன். இரண்டாம் பாதியைச் சேர்த்துவிடு. பதினொரு வார்த்தை. யானிட்சா சொன்னதைச் சேர்க்காதே, அவள்தான் அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டும், ஒப்புதல் படிவத்தில் என்ன இருந்தாலும். என் பெயரும் வேண்டாம். தாய் 6 என்றே இருக்கட்டும்.

பதினொன்றுக்கு இடம் வேண்டும். மூன்றாவது நோக்கத்தை எடு: "இந்த அமர்வின் முடிவில் பங்கேற்பாளர்கள் தாய்மார்களின் உணர்வுகளை அடையாளம் காணக் கற்றிருப்பார்கள்." அது ஒன்பது. நாம் இரண்டு பேரே இன்னும் கற்கவில்லை, அவர்கள் முக்கால் மணி நேரத்தில் கற்றுவிடுவார்களாம். இன்னும் இரண்டு வேண்டும். தலைப்பையும் சேர்த்தே எண்ணும் முன்மொழிவுப் படிவம். அதில் "ஒரு புதிய அணுகுமுறை" என்று போட்டிருக்கிறாயே, "புதிய அணுகுமுறை"யை எடுத்துவிடு. மிச்சமிருக்கிற "ஒரு" என்பதைக் "குழு"வுக்கு முன்னால் தள்ளிப் போட்டால் தலைப்பு நிற்கும்.

எண்ணிப் பார். சரியாக வரும். மூன்று புள்ளியைப் படிவம் வார்த்தையாக எண்ணாது. இருந்தாலும் அதையும் எடுத்துவிடு.

நெவேனா